நாற்பத்தைந்து கிலோ

மார்ச் 30, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த டைரி மூன்று மாதமாக மாவு கிரைண்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்றுதான் வெளியே எடுத்துத் தட்டினேன். எழுத ஒரு சேதி வேண்டுமே, வந்துவிட்டது. என் மகன் இனியனை ஊர்க் கபடி அணியில் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் கோடை வந்தால் கோயில் திருவிழாவோடு கபடியும் வந்துவிடும். பையன்கள் ஆட்டத்துக்கு வயது கணக்கில்லை, எடைதான் கணக்கு. நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் கோட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். மே மாதம் மாரியம்மன் கோயில் கோப்பை. என் வீட்டுக்காரர் மதியழகனின் முட்டி நன்றாக இருந்த காலத்தில் எங்கள் ஊர் கோப்பை தூக்கியது, அதோடு சரி. முட்டி போன பிறகு அவர் லோடு வண்டி ஓட்டுகிறார். இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்தான். நேற்றிலிருந்து நடையே மாறிவிட்டது. நொண்டுவதுகூடக் குறைந்தாற்போல் இருக்கிறது.

குழந்தைவேலு மளிகைக் கடை வாசலில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருக்கிறது. அணி மொத்தத்தையும் அதில் ஏற்றி இறக்கினார்கள். இனியன் நாற்பத்தெட்டு.

"மூணு கிலோதான. இட்லிக் கடைக்காரி மவன், மூணு கிலோ இட்லிய இறக்கி வெச்சா ஆச்சு" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அங்கேயே கடைக்கு ஐந்து கிலோ உளுந்து வாங்கி வந்தேன். வீட்டுப் படியில் அளந்தால் அரைக் கிலோவாவது குறையும். குழந்தைவேலு தராசுக்கு எப்போதும் முதலாளி மேல்தான் பாசம். ஊருக்கே தெரியும். வேறு கடைக்கு மூன்று மைல் போக வேண்டுமே என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாங்குகிறோம்.

ஏப்ரல் 2, புதன்

இனியனுக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. காலையில் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் நின்றபடியே எட்டு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவான். இன்று முதல் இரண்டு. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி கஞ்சித் தண்ணீர். இதெல்லாம் நான் போட்ட சட்டம். பானை என் கையில்தானே இருக்கிறது?

பெற்றவளுக்கு மனசு வருமா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். அவள் மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டுச் சோறு தின்கிறவன். அவளுக்கு என்ன தெரியும்? என் பிள்ளை மூச்சு விடாமல் இரண்டு இட்லியோடு எழுந்து போனான். எனக்குப் பெருமையாக இருந்தது.

சட்னிக்கு உப்புப் பார்ப்பது மட்டும் வழக்கம்போல அவன்தான். மூன்று வயதிலிருந்து அவன் வேலை அது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாயங்காலம் கடை பெஞ்சில் அணிப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் வாங்கவில்லை. என்னடா என்றால், தலைவன் பூவரசன் சொல்கிறான், "சும்மாதான் அத்தை. இனியன் என்ன திங்கிறான்னு பாக்க வந்தோம்."

"ஏன்டா, எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்கு அத்தை. உங்க பஜ்ஜி மேலதான் இல்ல."

வாயாடிப் பயல். சிரித்துவிட்டேன். ஒருவர் வீட்டை ஒருவர் காவல் காக்கிறார்களாம். யாராவது வெளியே எதையாவது தின்று மாட்டினால், இன்னொருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஓட வேண்டுமாம். பெரியவர்கள் சொல்லிக் கேட்காததைப் பசங்க பசங்களுக்குச் சொன்னால் கேட்கிறார்கள். நல்லதுதானே.

இனியன் உள்ளேயிருந்து வந்து, வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டு, வாயையும் திறந்து காட்டினான். பூவரசன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.

ஏப்ரல் 9, புதன்

ஒரு கிலோ இறங்கிவிட்டான். உளுந்து மறுபடியும் குறைச்சல். குழந்தைவேலுவிடம் இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்று போனேன். அங்கே இனியன் தராசில் நின்றுகொண்டிருந்தான், தராசு முள்ளையே பார்த்தபடி அசையாமல். சண்டை போட வந்ததே மறந்துபோயிற்று.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை, பாயசம். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை வாயில் எதுவும் படவில்லையே என்று ஒரே ஒரு வடையை அவன் இலையில் வைத்தேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்து, தங்கை இலக்கியாவின் இலையில் போடப் போனான், போடவில்லை. காக்கைக்கு வைத்துவிட்டு வந்தான்.

"அவளுக்கு ஏன்டா குடுக்கல?" என்றேன்.

"அவளும் குண்டாயிடுவா" என்றான்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. இலக்கியா குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள். அவள் செய்தது அத்தனை வேடிக்கையாக இருந்தது, இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

அஜய்யை அணியிலிருந்து தள்ளிவிட்டார்கள். இரண்டு வாரமாக நாற்பத்தேழைவிட்டு இறங்கவேயில்லையாம். போதாக்குறைக்குப் பேருந்து நிறுத்தத்தில் பரோட்டா தின்று மாட்டியிருக்கிறான். பையன்கள் அவன் போகும் வழியெல்லாம் கையால் பரோட்டா தட்டுவதுபோலச் சத்தம் கொடுக்கிறார்கள். டப் டப் டப். ஒரு வார்த்தை பேசுவதில்லை, அந்தச் சத்தம் மட்டும்தான். எங்கள் வீட்டுப் பிள்ளையும் அதில் சேர்த்தி. அஜய்யும் இவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

சாயங்காலம் அஜய் கடை ஓரத்தில் வந்து நின்றான். "அத்தை, இனியன எங்கிட்ட பேசச் சொல்லுங்க அத்தை."

கூட்ட நேரம். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "நீ இங்க நிக்காதடா தம்பி. உன்னப் பாத்தா பசங்களுக்குக் கோவம் வருது" என்று சொல்லிவிட்டேன். போய்விட்டான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் இந்த நேரத்தில் என் பிள்ளை மனசு அலைபாயக் கூடாதே.

ஏப்ரல் 22, செவ்வாய்

பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார். கணக்குப் பரீட்சையில் இனியன் தாள்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டானாம். "வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?" என்று கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை, கபடிப் பயிற்சியில் அலுப்பு என்றேன். "கொஞ்சம் பாத்துக்கங்க, கையெல்லாம் நடுங்குது" என்றார்.

இவரிடம் சொன்னேன். "பரீட்சை வருசா வருசம் வரும்" என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

இனியன் சீப்பில் நிறைய முடி. குளத்துத் தண்ணீர் சரியில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று காலை குழந்தைவேலு கடைத் தராசு நாற்பத்தைந்து காட்டியது! இவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார், அந்த முட்டியோடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷரை இத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகையே வந்தது.

போதும், இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் சரி என்று நெய் விட்டு இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தேன். தட்டைத் தள்ளிவிட்டான்.

"ஓரத்துல நின்னா பயமா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் இறங்கிக்கிறேன்."

"போதும்டா. நாந்தான் சொல்றேன்ல?"

"பூவரசன் நாப்பத்தி நாலுக்கு வந்துட்டான்."

இவர் அவன் முதுகில் தட்டினார். "விளையாட்டுக்காரன்னா இப்புடித்தான் இருக்கணும்" என்றார். தோசையை நான் தின்றேன்.

இப்போதெல்லாம் அவன் உப்புப் பார்ப்பதில்லை. கடைப் பக்கமே வருவதில்லை, வாசனை பிடிக்கவில்லையாம். கொல்லை வழியாகத்தான் போக வர. உப்புப் பார்க்கும் வேலை இலக்கியாவுக்கு வந்திருக்கிறது.

மே 3, சனி

அக்னி நட்சத்திரம் நாளை தொடங்குகிறது. தகரக் கூரைக்குக் கீழே நான் வெந்துகொண்டிருக்கிறேன். என் பிள்ளை கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். குளிர்கிறதாம். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை, கை கால்தான் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது.

காலையில் பயிற்சியில் எதிர்ப்பக்கம் கபடி பாடிப் போனவன் பாதியிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான். வெயில் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் சேலையைக்கூட மாற்றிவிட்டேன். இவர் வாசலை மறித்து நின்றார்.

"போனா என்ன பண்ணுவாங்க தெரியுமா? குளுக்கோஸ் ஏத்துவாங்க. ஒரு பாட்டில் ஏறுச்சுன்னா எடை எங்க போயி நிக்கும்? ஒரு வாரந்தான் இருக்கு பூங்கொடி. ஒரே வாரம்."

இனியன் கம்பளிக்குள்ளிருந்து, "வேணாம்மா" என்றான்.

சேலையை மாற்றிக்கொண்டு மாவு அரைக்கப் போனேன்.

மே 7, புதன்

மத்தியானத்துக்குள் சட்னி மூன்று தடவை திரும்பி வந்தது, உப்பு அதிகம் என்று. இலக்கியாவைக் கூப்பிட்டு, "பாத்தியா இல்லியாடி?" என்று அதட்டினேன்.

"பாத்தேனே. நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டேன்."

"ஏன் துப்புற?"

"அண்ணன் அப்புடித்தான் பண்ணும்."

எப்போதிலிருந்து அப்படிச் செய்தான், எனக்குத் தெரியாமல்? அவளை அடிக்கக் கை ஓங்கினேன். பெஞ்சில் ஆள் இருந்ததால் விட்டுவிட்டேன். நல்ல வேளை.

இன்னும் மூன்று நாள்தான். கோப்பை முடியட்டும். எல்லாவற்றையும் சரி செய்துவிடுவேன். சமைக்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய காரியமா?

மே 10, சனி

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பிற்பகல் கோயில் திடலில் எடை போட்டார்கள். போட்டிக் குழு புதுத் தராசு கொண்டுவந்திருந்தது, முத்திரை போட்டது. முதலில் ஏறிய பூவரசனின் எடை அவ்வளவு குறைவாக இருப்பதைப் பார்த்து நடுவர் தராசைத் தட்டிப் பார்த்தார். ஒரு படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தார். தராசில் குறையில்லை. அடுத்து இனியன் ஏறினான்.

நாற்பதுகூட இல்லை.

காலையில் குழந்தைவேலு கடையில் நாற்பத்து மூன்று காட்டிய பிள்ளை. நடுவர் அவன் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் என்னைத் தேடினார். "ஏம்மா, பையனுக்குச் சோறு போடுறியா இல்லியா?"

"அவங்க இட்லிக் கடை வெச்சிருக்காங்க சார்" என்று யாரோ சொன்னார்கள். திடலே சிரித்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. உளுந்து, ஐந்து கிலோவுக்கு அரைக் கிலோ. வருடக் கணக்காக எனக்குத் தெரிந்த விஷயம். உள்ளதைவிடக் கூடக் காட்டுகிற தராசு அது. உளுந்துக்குப் பொய் சொல்லும் தராசு என் பிள்ளைக்கு மட்டும் உண்மை சொல்லும் என்று எப்படி நம்பினேன்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாளே இனியன் நாற்பத்தைந்துக்கு உள்ளேதான் இருந்திருக்கிறான். எட்டு இட்லி தின்றுகொண்டே ஆடியிருக்கலாம். அஜய்யும் உள்ளேதான் இருந்திருக்கிறான்.

நேரே குழந்தைவேலு கடைக்குப் போனேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. தெருவே கூடிவிட்டது. அவன் பதறவேயில்லை.

"மூட்டைக்கு வெச்சிருக்க தராசும்மா அது. புள்ளைய நிறுக்கவா வெச்சிருக்கேன்? நீங்களா கொண்டாந்து ஏத்துனீங்க."

வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

மே 11, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். கடைசியாகக் கபடி பாடிப் போனது இனியன்தான். திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு அங்கேயே விழுந்து கிடந்தான். சந்தோஷத்தில் விழுந்து கிடக்கிறான் என்று எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்ததை நான் பார்த்தேன். தோளில் தூக்கிய பையன் என்னைப் பார்த்துக் கத்தினான், "கனமே இல்ல அத்தை! காத்து மாதிரி இருக்கான்!"

தராசு விஷயத்தை இவரிடம் சொன்னேன். கண் கலங்கியது. சரி, மனுஷருக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு சொல்கிறார், "ஒரு வகையில நல்லதுதான் பூங்கொடி. இன்னும் ரெண்டு வருசம் இதே அணியில ஆடலாம்."

கையில் இருந்த கரண்டியை வீசினேன். சுவரில் பட்டது. அவர்மேல் பட்டிருக்க வேண்டும்.

மே 12, திங்கள்

இன்று கடை இல்லை. நாளை விடிகாலைப் பேருந்தில் இனியனைத் தஞ்சாவூருக்குப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். யார் வாசலில் நின்றாலும் போவேன்.

அதற்கு முன்னால் பையன்களின் வயிறு நிறைய வேண்டும் என்று விடியலிலிருந்து சமைத்தேன். ஆட்டுக்கறிக் குழம்பு, முட்டை, வடை, சேமியா பாயசம். ஏழு பேரையும் கூப்பிட்டேன். அஜய் வீட்டுக்கு நானே போனேன். அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். யாரும் கையால் சத்தம் கொடுக்கவில்லை. இனியன் நகர்ந்து பக்கத்தில் இடம்கூடக் கொடுத்தான். எனக்குப் பாதி உயிர் வந்தது.

கூடத்தில் இலை போட்டேன். ஏழு பேர், அஜய், கடைசியில் இலக்கியா. எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு நடுவில் நின்று சொன்னேன். "பசங்களா, அந்தத் தராசு பொய்டா. நீங்க யாரும் பட்டினி கெடந்திருக்க வேண்டியதே இல்ல. தப்பு எங்க மேலதான், பெரியவங்க மேல. இனிமே நல்லாச் சாப்புடுங்க."

ஒரு கையும் இலைக்குப் போகவில்லை. எல்லோரும் பூவரசனைப் பார்த்தார்கள். அவன் இனியனைப் பார்த்தான்.

"ஆடி மாசம் அடுத்த போட்டி இருக்கு அத்தை" என்றான் பூவரசன், மரியாதையாகத்தான்.

"அதான் நாப்பத்தஞ்சுக்கு எவ்வளவோ கீழ இருக்கீங்களேடா!"

"நாப்பது கிலோ அணியும் இருக்கும்மா" என்றான் இனியன். "அதுலயும் கோப்பை இருக்கு. இப்ப உள்ளது ஏறாம இருந்தாப் போதும்."

நான் அவன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சோற்றைப் பிசைந்து, கறியோடு உருட்டி, வாய்க்கு நேராக நீட்டினேன். "ஒரே ஒரு வாய்டா. அம்மா தெரியாமப் பண்ணிட்டேன். அம்மாவுக்காக ஒரு வாய்" என்று கெஞ்சினேன். அவன் என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. பெரிய மனுஷன் மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான். அவன் விரல்கள் இந்த வெயிலிலும் சில்லென்று இருந்தன.

அஜய் இலையில் எல்லாமே அப்படியே இருந்தது. பசிக்கிற பையன், எனக்குத் தெரியும். எச்சிலை விழுங்கிக்கொண்டு பூவரசனையே பார்த்திருந்தான். திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று பார்க்கிறான்.

முதலில் இலையை மடித்தது இலக்கியாதான். அந்தச் சின்னக் கையால், சோறும் கறியும் உள்ளேயே இருக்க, தன் பக்கமாக மடித்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பிறகு வரிசையாக எல்லோரும் மடித்தார்கள். அஜய் கடைசி.

பையன்கள் கை கழுவாமலே எழுந்து போனார்கள், கழுவ எதுவும் இல்லையே. இலைகளை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துப்போய்க் கொல்லையில் போட்டேன். ஒவ்வொரு இலையும் அத்தனை கனம். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.